புகைவாடை நீக்கும் ஸ்ப்ரே: புருவம் எடுக்கிற வேலையில் இருந்துகொண்டு ஆறு வாரம் பயன்படுத்திப் பார்த்தேன்

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதில் பாதி புரியாது. சிங்கப்பூரில் தேக்கா பக்கத்தில் ஓர் அழகுநிலையத்தில் 14 வருடமாகப் புருவம் எடுக்கிறேன். சிகரெட்டும் பிடிக்கிறேன், இந்தச் சோதனையைத் தொடங்கியபோது ஒரு நாளைக்கு ஆறு, ஏழு. திரெட்டிங் செய்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் முறுக்கியபடி, கஸ்டமரின் முகத்துக்கு மேலே குனிந்துதான் வேலை செய்வோம். என் வாய்க்கும் அவர் மூக்குக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம். விரல்கள் அவர் கண்ணுக்கு மேலேயே இருக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு வாடை வந்தாலும் யாரும் பெரிதாகக் கவனிக்காமல் போகலாம், என் வேலையில் அதற்கு வழியே இல்லை.

கோவிட் காலத்தில் இந்தப் பிரச்சினை எனக்குத் தெரியாமல் இருந்தது. எல்லாரும் முகக்கவசம் போட்டிருந்தோம், பல்லில் கடிக்க முடியாது என்பதால் நூலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எடுக்கப் பழகினோம். 2022 ஆகஸ்ட் கடைசியில் கடைகளில் முகக்கவசம் கட்டாயமில்லை என்று ஆனதும் நான் பழைய முறைக்கே திரும்பினேன். கை வேகமாக ஓடும், அதுதான் காரணம். போன தீபாவளிக் கூட்டத்தில் ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும், ஒரு புருவம் முடிந்து மற்றதைத் தொடங்கும்போது கண்ணைத் திறந்து, "அக்கா, தப்பா நினைக்காதீங்க, வேற யாராச்சும் எடுக்கட்டுமா?" என்று கேட்டாள். காரணம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை, பத்து நிமிடம் முன்னால்தான் நான் பின்சந்திலிருந்து வந்திருந்தேன். அவ்வளவு மரியாதையாகக் கேட்டாளே, அதுதான் இன்னும் வலிக்கிறது. அன்று இரவே இந்த ஸ்ப்ரேயை ஆர்டர் செய்தேன்.

பெயர் வேண்டாம், இதே மாதிரி பத்து இருக்கின்றன. 250 மில்லி பாட்டில், 16 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 90 காசு, இரண்டு வாங்கினால் அஞ்சல் இலவசம் என்றதால் இரண்டு. துணி, முடி, கார், சோபா எல்லாவற்றிலும் புகைவாடையை "நொடியில்" போக்கும் என்று முன்பக்கத்தில் எழுதியிருக்கிறது. பின்பக்கத்தில் என்ன கலந்திருக்கிறது என்று பார்த்தால் தண்ணீர், ஆல்கஹால், வாசனைப்பொருள், அவ்வளவுதான். இதை வாங்குவதற்கு முன்னால் படித்திருக்க வேண்டும்.

சோதித்துப் பார்த்தது என் மூக்கு இல்லை. புகைப்பவர்களுக்கு மோப்பம் மங்கிப்போகும், அதோடு எப்போதும் கூடவே இருக்கிற வாடையை எந்த மூக்கும் சீக்கிரம் கவனிக்காமல் விட்டுவிடும். ஆகவே "எனக்கு ஒன்றும் வரவில்லையே" என்று ஒரு புகைப்பவர் சொல்வதில் அர்த்தமே இல்லை, நானும் அதைத்தான் இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் கடையில் மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வருகிற ஒரு தங்கச்சி இருக்கிறாள், சிகரெட்டைத் தொட்டதே கிடையாது. அவளிடம் கேட்டுக்கொண்டேன். தயவு பார்க்காமல் சொல்லவேண்டும் என்று முதல் நாளே சொல்லிவைத்தேன், சொன்னாள்.

ஒரே மாதிரி மூன்று பருத்தித் துப்பட்டா. மூன்றையும் ஒரே நாளில் தோளில் போட்டுக்கொண்டு சிகரெட் பிடித்தேன். ஒன்றுக்கு ஸ்ப்ரே, ஒன்றைச் சும்மா சன்னலோரம் காற்றில் தொங்கவிட்டேன், ஒன்றை வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்து அலசினேன். அடித்த உடனே ஸ்ப்ரே போட்டதுதான் நன்றாக இருந்தது, லாவெண்டர் மணம். இரண்டு மணி நேரம் கழித்து ஏர்கானில் உட்கார்ந்தபின் தங்கச்சி முகர்ந்துவிட்டு, "பூக்கடைக்குள்ள யாரோ சிகரெட் பிடிச்ச மாதிரி இருக்குக்கா" என்றாள். காற்றில் தொங்கியது பரவாயில்லை என்றாள். வினிகரில் அலசியதில் எதுவுமே இல்லை. மழை பெய்து காற்றில் ஈரம் ஏறிய நாள்களில் ஸ்ப்ரே இன்னும் மோசம், மதியத்துக்குள் பழைய வாடை மேலே வந்துவிடும்.

இதற்கான காரணத்தைத் தேடிப் படித்தேன். வாசனை மட்டும் உள்ள ஸ்ப்ரே வாடையின் மேலே போர்வை போடுகிறது, வாசனை சீக்கிரம் பறந்துவிடும், புகையின் படிவு துணியிலேயே இருக்கும். சில துணி ஸ்ப்ரேக்களில், ஃபெப்ரீஸ் அப்படித்தான் பெயர் வாங்கியது, சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்று ஒன்று இருக்கிறது. மாவுச்சத்திலிருந்து எடுப்பது, வளையம் மாதிரி வடிவம், வாடை தரும் மூலக்கூறுகளை நடுவில் பிடித்துவைத்துக்கொள்ளும். வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாட்டிலின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஆனாலும் அது துணிக்குத்தான். என் பாட்டிலில் "முடிக்கும் ஏற்றது" என்று இருந்ததை நம்பி மூன்று நாள் தலையில் அடித்தேன், நெற்றியோரம் அரிப்பு வந்து ஒரு வாரம் ஆயிற்று போக.

எனக்குத் துணியைவிட விரல்தான் பெரிய பிரச்சினை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேருமிடத்தில் பழுப்புக் கறை, அது எத்தனை சோப்புக்கும் போகாது. இதற்கு வழி எங்கள் தொழிலிலேயே இருந்தும் எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லை. வேக்ஸ் செய்தபின் தோலில் ஒட்டியிருக்கும் மிச்சத்தைத் தண்ணீரால் எடுக்க முடியாது, எண்ணெய் தொட்டுத் துடைப்போம். சிகரெட்டின் தாரும் அதே பிசுபிசுப்புதான். நாலு சொட்டுத் தேங்காயெண்ணெயைத் தேய்த்து டிஷ்யூவால் துடைத்துவிட்டு, அப்புறம் எலுமிச்சைத் துண்டால் தேய்த்து, கடைசியில் சோப்பு. நகத்துக்கு அடியில் சின்ன பிரஷ். எலுமிச்சை மணத்துக்காக மட்டும் இல்லை, நிகோட்டினுக்கும் பழைய புகைவாடை தருகிற வேறு சில பொருள்களுக்கும் காரத்தன்மை உண்டு, புளிப்பு பட்டால் அவை தண்ணீரில் கரைகிற உப்பாகிப் போய்விடும். வினிகர் துப்பட்டாவில் வேலை செய்ததும் இதனால்தான். தங்கச்சியின் மூக்கு இதற்கு ஒரே முறையில் சரி என்றது. அதைவிட எளிது, பிடிக்கும்போதே வேக்ஸுக்குப் போடுகிற கையுறையை மாட்டிக்கொள்வது. சந்தில் நிற்கிறவர்கள் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

வாய்க்கு எதை வாங்கினாலும் பாதிதான் பலன். ஹேக்ஸ் மிட்டாய், புதினா, ஏலக்காய், வாய் கொப்பளிக்கிற தண்ணீர் எல்லாம் நாக்கோடும் பல்லோடும் நின்றுவிடும். கடைசி இழுப்புக்குப் பின்னும் நுரையீரலில் மிச்சமிருப்பது மூச்சோடு வந்துகொண்டே இருக்கும், அதை எந்த மிட்டாயும் தடுக்காது. ஜப்பானில் இகோமா என்ற ஊரின் நகர அலுவலகத்தில், 2018 முதல், சிகரெட் பிடித்த ஊழியர் 45 நிமிடத்துக்கு லிஃப்டில் ஏறக்கூடாது என்று வைத்துவிட்டார்கள். முதலில் படித்தபோது அநியாயம் என்று நினைத்தேன். ஒரு சாண் தூரத்தில் என் மூச்சை வாங்கிக்கொண்டு படுத்திருக்கிற பெண்ணை நினைத்தபோது அந்த 45 நிமிடம் நியாயமாகத்தான் பட்டது. இப்போது முகத்து வேலைக்கு 45 நிமிடம் முன்னால் நான் பிடிப்பதில்லை, நாக்கை வழித்துத் தண்ணீர் நிறையக் குடிக்கிறேன், நூலையும் மறுபடி கழுத்திலேயே மாட்டிக்கொண்டேன்.

கோடாலித் தைலம் பற்றிக் கேட்பீர்கள். ஊருக்குப் போகும்போது டஜன் கணக்கில் வாங்கிப் போகிற அதே தைலம், நம்மவர்களில் பாதிப்பேர் சிகரெட் பிடித்துவிட்டுக் கையிலும் கழுத்திலும் தடவிக்கொள்வது இதைத்தான். தலைவலிக்கும் பஸ்ஸில் வாந்தி வருவதற்கும் எனக்கு அதைவிட நல்ல மருந்து தெரியாது. ஆனால் புருவம் எடுக்கிற விரலில் தடவினால் கஸ்டமருக்குக் கண்ணில் நீர் வரும், ஆகவே என் வேலைக்கு ஆகாது. சுல்தான் பள்ளிவாசல் பக்கத்துக் கடைகளில் கிடைக்கிற அத்தரும் அப்படித்தான், அதன் மணம் உயர்ந்தது, புகைமேல் போட்டு அதைக் கெடுக்க வேண்டாம். வாடையே வராது என்று மின்சிகரெட் பக்கம் கை காட்டுகிறவர்களுக்கு ஒன்று மட்டும், 2018 பிப்ரவரியிலிருந்து இங்கே அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம், 2025 செப்டம்பர் முதல் பெரியவர்களுக்கு முதல் தடவையே 700 வெள்ளி அபராதம்.

வாடையை மறைத்தால் போதுமா என்ற கேள்வியும் இந்த ஆறு வாரத்தில் வந்தது. அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தினர் 2010-இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். துணியிலும் சுவரிலும் படிந்த நிகோட்டின், அறைக் காற்றில் இருக்கிற நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நைட்ரோசமைன்களாக மாறுகிறதாம். அதாவது லாவெண்டர் அடித்த துப்பட்டாவிலும் அந்தப் படிவு அப்படியே இருக்கும். எங்கள் கடைக்குக் கைக்குழந்தையோடு வருகிற அம்மாக்கள் நிறையப் பேர், அவர்கள் படுத்திருக்கும்போது குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வது பெரும்பாலும் நான்தான். இதைப் படித்த அன்றிலிருந்து வேலைக்கு ஒரு உடை, பிடிக்கும்போது மேலே போட ஒரு பழைய சட்டை என்று தனியாக வைத்துவிட்டேன். குழந்தையை வாங்குவதற்கு முன் கையை முழங்கை வரை கழுவுகிறேன்.

கடைசியாக, இதற்காகவே வாங்கிய பொருள்களில் எனக்கு உண்மையில் உதவியது எது என்றால், வாடை நீக்கி எதுவும் இல்லை, நிகோட்டின் சூயிங்கம்தான். இந்த ஊரில் சூயிங்கம் 1992-இல் தடையானது, மருத்துவத்துக்கான கம்மை மட்டும் 2004-இல் அனுமதித்தார்கள், அதனால் மருந்தகத்தில் மருந்தாளரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். எனக்குக் கிடைத்த மருந்தாளர் கால் மணி நேரம் பொறுமையாகப் பேசினார். சும்மா மென்றுகொண்டே இருக்கக் கூடாது, காரம் தெரிந்ததும் கன்னத்து ஓரத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும், காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும் என்று சொல்லித்தந்தார். முதல் வாரம் விக்கல் வந்தது. இப்போது வேலை நேரத்தில் இரண்டு கம். சிகரெட், காலையில் வீட்டிலிருந்து கிளம்பும் முன் ஒன்று, இரவு ஒன்று என்று நாளைக்கு இரண்டாகியிருக்கிறது. முழுசாக விடவும் ஆசை இருக்கிறது, சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ஐ குவிட் திட்டத்தில் 28 நாள் கணக்கில் ஆரம்பிக்கிறார்கள், அடுத்த மாதம் சேரலாம் என்றிருக்கிறேன்.

ஸ்ப்ரேக்கு ஐந்தில் ஒன்றரை. கார் இருக்கைக்கும் திரைச்சீலைக்கும், விருந்தாளி வாசலில் நிற்கிறார் என்கிற அவசரத்துக்கும் ஒரு மணி நேரம் தாங்கும். முகத்துக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள், பிள்ளை பார்த்துக்கொள்கிறவர்கள், நர்ஸ் வேலையில் இருக்கிறவர்கள் இதை நம்ப வேண்டாம். 16 வெள்ளி 90 காசுக்கு வினிகரும் எலுமிச்சையும் நிறையவே வந்துவிடும்.

முடிக்குத்தான் இன்னும் வழி கிடைக்கவில்லை. எனக்கு இடுப்பு வரை முடி, தினமும் அலச முடியாது, எண்ணெய் வைத்த தலை புகையை அப்படியே இழுத்துக்கொள்கிறது. பஃபளோ ரோட்டில் மல்லிகை வாங்கி வைத்தால் புகையும் பூவும் கலந்து தலை சுற்றும், தலைக்குச் சாம்பிராணி காட்டினால் அதுவும் இன்னொரு புகைதான். இப்போதைக்குப் பின்னலைச் சுருட்டி ஷவர் கேப்புக்குள் விட்டுக்கொண்டு பிடிக்கிறேன், முன்நெற்றி முடியில் மட்டும் வாடை நிற்கிறது என்று தங்கச்சி சொல்கிறாள். நீளமுடி வைத்திருக்கிற, இதே தொழிலில் இருக்கிற அக்கா தங்கச்சிகள் யாருக்காவது இதற்கு வழி தெரிந்தால் சொல்லுங்கள்.