வளையும் கட்ட ஸ்கேல்: பேட்டர்னைப் பெரிதாக்கக் கைகொடுக்குமா?

தையல் பேட்டர்னை, அதாவது துணி வெட்ட வரைந்து வைக்கும் தாள் மாதிரியை, வேறு அளவுக்கு மாற்ற கிரேடிங் ஸ்கேல் என்ற பெயரில் விற்பது 2 இஞ்ச் அகலமும் 18 இஞ்ச் நீளமும் உள்ள மெல்லிய பிளாஸ்டிக் பட்டை. அடியில் உள்ள கோடு அப்படியே தெரியும். மேலே முழுக்க அரைக்கால் இஞ்ச் கட்டங்கள். சைடில் கொஞ்சம் லூஸ் கூட்டத்தான் வேண்டும் என்றால் இது தேவையில்லை, சாதாரண ஸ்கேலே போதும். மார்பளவு 36க்கு வரைந்த பேட்டர்னை 40 ஆக்க வேண்டும் என்றால் வாங்கலாம்.

ஜெராக்ஸில் 111 சதவீதம் போட்டுப் பெரிதாக்கினால் இந்த வேலையே மிச்சம்தானே என்று தோன்றும். அப்படிச் செய்தால் 5 இஞ்ச் தோள் ஐந்தரையைத் தாண்டிவிடும், 15 இஞ்ச் உயரம் 16⅔ ஆகிவிடும். ஆள் பருமனானால் தோள் எலும்பு அந்தக் கணக்கில் அகலமாவதில்லை, உயரமும் கூடுவதில்லை. தோள் கையில் இறங்கித் தொங்கும். அதனால்தான் எங்கே எவ்வளவு என்று பிரித்துக் கூட்ட வேண்டியிருக்கிறது.

கூட வேண்டியது 4 இஞ்ச். முன்பக்கப் பாதியும் பின்பக்கப் பாதியும் துணியின் மடிப்பில் வைத்து வெட்டப்படுவதால் ஒவ்வொரு துண்டுக்கும் 1 இஞ்ச். முழு 1 இஞ்சையும் சைடில் தள்ளினால் அக்குளில் துணி குவியும், கழுத்தும் தோளும் பழைய அளவிலேயே நின்றுவிடும். பேட்டர்னை மேலிருந்து கீழாக மூன்று இடத்தில் வெட்டி விலக்கி, கழுத்து வழியாக இறங்கும் வெட்டில் 1/8, தோள் நடுவில் 1/4, அக்குள் வளைவில் 1/4, மீதி 3/8 சைடில் என்று பிரித்தால் உடம்பில் ஒழுங்காக உட்காரும். இது தொடக்கக் கணக்குதான். தோள் குறுகியவர்களுக்கு நடுவெட்டில் குறைத்து, அதை அக்குளில் சேர்க்கலாம்.

இந்த ஸ்கேலின் அருமை வெட்டிய துண்டுகளை விரிக்கும்போதுதான் தெரியும். வெட்டுவதற்கு முன் பேட்டர்னின் குறுக்கே, மடிப்பு ஓரத்துக்குச் செங்குத்தாக ஒரு நேர்கோடு போட்டுவிட வேண்டும். துண்டுகளைப் பெரிய தாளில் பரப்பி, இடைவெளிமேல் ஸ்கேலை வைத்தால் இரண்டு ஓரங்களும் கட்டக்கோடுகளில் உட்காருகின்றனவா என்று ஒரே பார்வையில் தெரியும். மேலே 1/4, கீழே 3/8 என்று கோணினால் உடனே பிடிபடும். ஸ்கேலின் குறுக்குக் கட்டங்கள் முன்பு போட்ட நேர்கோட்டோடு ஒத்துப்போனால், துண்டு மேலும் கீழும் நழுவவில்லை என்று அர்த்தம். இஞ்ச் டேப்பில் இதைச் சரிபார்ப்பது தலைவலி.

தோள்வெட்டு டார்ட்டுக்கு (மார்புக்கு வடிவம் தரப் பிடித்துத் தைக்கும் கூம்புப் பிடிப்புக்கு) எந்தப் பக்கம் இறங்குகிறது என்று கவனியுங்கள். மடிப்பு ஓரத்துக்கும் டார்ட்டுக்கும் நடுவே இறங்கினால் டார்ட் முனை 3/8 இஞ்ச் தள்ளிப்போகும். டார்ட்டைத் தாண்டிச் சைடு பக்கம் இறங்கினால் 1/8தான் நகரும். உடம்பளவு எதைக் கேட்கிறதோ அப்படி.

அக்குள் உயரத்துக்கு, அக்குள் வளைவின் நடுவே படுக்கையாக வெட்டி 1/4 இஞ்ச் திறக்க வேண்டும். முன், பின் இரண்டிலும். கையின் மேல் வளைவையும் அதேபோல் உயர்த்த வேண்டும். இதை விட்டால் எவ்வளவு லூஸ் வைத்தாலும் அக்குள் பிடிக்கும்.

பட்டை வளையும் என்பதால் விளிம்பில் நிறுத்தி அக்குள் வளைவையே அளக்கலாம். வெட்டும் கோட்டில் அல்ல, தையல் விழும் கோட்டில் அளக்க வேண்டும். தடித்த அக்ரிலிக் ஸ்கேலால் இது ஆகாது. பழைய பேட்டர்னில் கை வளைவு அக்குளைவிட 1 இஞ்ச் கூடுதல் என்றால், புதியதிலும் அதே 1 இஞ்ச் நிற்க வேண்டும். குறைந்தால் கை இழுக்கும், கூடினால் தோள் நுனியில் சுருக்கம் விழும்.

குறைகளும் உண்டு. 1/16 இஞ்சைக் கண்ணால்தான் பிரிக்க வேண்டும். கறுப்புக் கோடு மட்டும் உள்ளது அச்சடித்த பேட்டர்ன் கோடுகளோடு கலந்து கண்ணைக் குழப்பும், சிவப்புக் கோடு தேவலாம். வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள்: ஒரு கோடு வரைந்து, ஸ்கேலால் அரை இஞ்ச் தள்ளி இன்னொன்று வரைந்து, ஸ்கேலைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பாருங்கள். இரண்டு கோடும் திரும்பவும் கட்டங்களில் விழாவிட்டால் அச்சு சாய்ந்திருக்கிறது, மாற்றிக்கொள்ளுங்கள். பேன்ட் நீளத்துக்கு 18 இஞ்ச் போதாது, இரண்டு தடவை நகர்த்தி வைக்க நேரும். அயர்ன் பாக்ஸ் பக்கத்தில் வைத்தால் நெளிந்துவிடும். சக்கரக் கத்தியை இதன் ஓரமாக ஓட்டவே கூடாது. பட்டை மெல்லியது, கத்தி மேலே ஏறி விளிம்பைச் செதுக்கிவிடும், விரலும் தப்பாது.