பழைய சிவிக் ஆட்டோமேட்டிக்: உடைந்த கியர்பாக்ஸ் கேஸில் எந்த வேலை நிலைக்கிறது?

2006-இல் இந்தியாவுக்கு வந்த ஹோண்டா சிவிக் ஆட்டோமேட்டிக்கின் கியர்பாக்ஸ் கேஸ் (வெளிக்கூடு), அச்சில் வார்த்த அலுமினியம். இந்த வகைக் கேஸ்கள் பழுதுபார்த்தபின் நாள்பட எப்படி நிற்கின்றன என்பதுதான் இங்கே விஷயம். சேதம் எந்த இடத்தில் என்பதைப் பொறுத்தே எல்லாம்.

அதிகம் கெடுவது, ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் பிளக்கின் மரை. பிளக் 18 மி.மீ., மரை இடைவெளி 1.5 மி.மீ., இறுக்க வேண்டிய முறுக்கு 49 நியூட்டன் மீட்டர். நீளக் கைப்பிடி ராட்செட்டைப் போட்டு 'இன்னும் கொஞ்சம்' என்று இறுக்கினால், இரும்பு பிளக் அலுமினிய மரையை வழித்துக்கொண்டு வந்துவிடும். பழைய வாஷரையே திரும்பப் போடுவார்கள், அது கசியும், மறுபடி இறுக்குவார்கள். கேஸ் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான். கடற்காற்றில் உப்பு ஏறி இரும்பும் அலுமினியமும் ஒட்டிக்கொள்வது இன்னொரு தொல்லை.

இதற்குக் கேஸை இறக்க வேண்டாம். லேத் பட்டறையில், கெட்ட மரைக்குப் பதிலாகப் புது மரை உள்ள உலோகச் செருகலான மரை புஷ் போடலாம். ஸ்பிரிங் வடிவ ஹெலிகாயிலைவிட முழு உருளை புஷ் நல்லது. பிளக்கை அடிக்கடி கழற்றினாலும் கூடவே வராது. மரை வெட்டும் டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் தடவி, அடிக்கடி வெளியே எடுத்துத் துடைக்க வேண்டும். புஷ்ஷின் விளிம்பு கேஸ் முகத்துக்குச் சற்று உள்ளே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாஷர் சரியாக உட்காராது. முடித்ததும் அரை லிட்டர் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊற்றி வழியவிட்டுத் துகள்களைக் கழுவுங்கள். இப்படிப் போட்ட புஷ் பல ஆயில் மாற்றங்களைத் தாண்டியும் ஈரமில்லாமல் நிற்கிறது.

கல் மோதி அடிப்பகுதியில் விழும் கீறலுக்கு எம்-சீல் அப்புவது ஊருக்குப் போய்ச் சேர மட்டுமே. ஏடிஎஃப் 80, 90 டிகிரிக்குச் சூடாகும். அலுமினியம் விரியும் அளவும் பசை விரியும் அளவும் வேறு, ஓரம் பிரிந்து மறுபடி சொட்டும்.

நிலையான வழி ஆர்கான் வெல்டிங். கியர்பாக்ஸை முழுக்கப் பிரித்து வெறும் கேஸாகக் கொடுத்தால்தான் பலன். கீறலின் இரு முனையிலும் 3 மி.மீ. துளை போட வேண்டும், இல்லையென்றால் வெல்டிங் சூட்டில் கீறல் ஓடும். பிறகு வி வடிவில் பள்ளம் எடுக்க வேண்டும். வார்ப்பின் நுண்துளைகளில் ஆயில் ஊறியிருக்கும். கேஸைச் சூடாக்கக் கசிந்து வரும், அசிட்டோனால் துடைத்து, ஆயில் வருவது நிற்கும்வரை திரும்பச் செய்ய வேண்டும். அவசரப்பட்டால் பற்று முழுக்கக் குமிழிதான். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் மட்டும் துடைக்கவே கூடாது, ஆர்க் பட்டதும் நச்சு வாயு வரும். கம்பி சிலிக்கான் சேர்ந்த 4043 அல்லது 4047. மக்னீசியம் கூடிய 5356 தொடர்ந்து சூடாகும் பாகத்துக்கு ஏற்றதல்ல. கடைசியில், கீறல் மிச்சமிருந்தால் காட்டிக்கொடுக்கும் சாயச் சோதனை.

பேரிங் உட்காரும் இடம், ஆயில் அழுத்தத்தைப் பிரித்தனுப்பும் வால்வ் பாடி உட்காரும் முகம், ஆயில் வழி ஆகியவற்றில் கீறல் என்றால் வெல்டிங்கை மறந்துவிடலாம். சூட்டில் முகம் வளைந்தால் அழுத்தம் கசியும், கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் கருகும். சென்னை புதுப்பேட்டையில் பழைய கேஸ் தேடுவதே வழி. கியர்பாக்ஸ் குறியீட்டு எண் ஒத்திருக்கிறதா, பாகங்களை நேராகப் பொருத்த உதவும் வழிகாட்டி முளைகள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

எஞ்சினோடு சேரும் பகுதியான பெல் ஹவுசிங் உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் பொருத்தும் முறை. எஞ்சின் சுழற்சியை ஆயில் மூலம் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர், ஆயில் பம்பில் முழுதாக உட்காராமலே போல்ட்டை முறுக்கிக் கியர்பாக்ஸை இழுத்தால் பம்போ கேஸோ உடையும். எஞ்சின், கியர்பாக்ஸ் முகமிரண்டும் கையால் தள்ளியே ஒட்ட வேண்டும். கன்வெர்ட்டர் தடையின்றிச் சுழல வேண்டும்.

ஏடிஎஃப்பை வடித்து ஊற்றும்போது சுமார் இரண்டரை லிட்டர் பிடிக்கும், இப்போது அது ஹோண்டாவின் டிடபிள்யூ-1 வகை. முழுக்கப் பிரித்த கியர்பாக்ஸுக்கு அதைவிட அதிகம் வேண்டும். எஞ்சின் சூடானபின் சமதளத்தில் நிறுத்தி, அணைத்து 60 முதல் 90 விநாடிக்குள் ஆயில் அளவுகோலைப் பாருங்கள். கசியும் வண்டியைப் பட்டறைவரை ஓட்டிப் போக வேண்டாம். ஆயில் குறைந்து ஓடினால் கேஸ் செலவோடு கிளட்ச் செலவும் சேரும். தட்டு லாரியில் ஏற்றுங்கள்.