கடல்மீன்களைப் பெரிய தொட்டிக்கு மாற்றி இரண்டு வருடம்

மயிலாடுதுறையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்றடித் தொட்டி ஒன்று நாலு வருடம் இருந்தது. இரண்டு கோமாளி மீன்கள், ஒரு டாம்சல், ஒரு கோபி, 'நீல டேங்' என்ற மீன் ஒன்று. டேங் வாங்கும்போது இரண்டு அங்குலம்தான். அது ஓரடி வரை வளரும் மீன். ஐந்து அங்குலம் ஆனபோது, நீந்தத் தொடங்கியதுமே கண்ணாடி வந்து திரும்பிவிடும். பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அதற்காகவே நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் புதுத் தொட்டி செய்தேன். சுமார் 450 லிட்டர். தண்ணீர், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து அரை டன்னுக்கு மேல் வரும் என்பதால் மாடியில் வைக்கவில்லை.

தரங்கம்பாடி பக்கத்தில்தானே, கடல் தண்ணீரையே கொண்டுவரலாமே என்று பலர் கேட்கிறார்கள். ஆறுகள் நெருக்கமாகக் கடலில் கலக்கும் கரை இது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோரத் தண்ணீரில் உப்பு குறையும், வண்டலும் வயல் வடிகாலும் கலந்திருக்கும். நான் ஆர்.ஓ. தண்ணீரில் கடல்மீன் தொட்டிக்கென்றே விற்கும் உப்பு மிக்ஸை லிட்டருக்கு 35 கிராம் கரைத்துத்தான் பயன்படுத்துகிறேன்.

மாற்றிய அன்று பெரிய தவறு செய்தேன். அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா பெரும்பாலும் தண்ணீரில் இருப்பதில்லை. கல்லிலும் ஃபில்டரிலும்தான் ஒட்டி வாழ்கிறது. கற்களை ஈரம் காயாமல் சரியாகவே மாற்றினேன். ஆனால் மணலிலும் பாக்டீரியா இருக்குமே என்று பழைய மணலை அப்படியே அள்ளிப் போட்டேன். நாலு வருடக் கழிவு அதன் அடியில் இருந்தது. ராத்திரிக்குள் தண்ணீர் கலங்கியது. விடியற்காலையில் அம்மா வந்து எழுப்பினார். "தம்பி, மீனெல்லாம் மேலே வந்து மூச்சு வாங்குது பாரு." சோதித்தால், இருக்கவே கூடாத அம்மோனியா லிட்டருக்கு 0.5 மில்லிகிராம். மணல் முழுவதையும் வெளியே எடுத்து, 150 லிட்டர் புது உப்புத் தண்ணீர் மாற்றினேன். கோபி பிழைக்கவில்லை. மூன்று வருடம் என் கையிலிருந்து தீனி வாங்கிய மீன் அது.

தொட்டி மாற்றுகிறவர்கள் தயவுசெய்து புது மணல் போடுங்கள். உப்புத் தண்ணீரும் கைவசம் கூடுதலாக இருக்கட்டும். எனக்கு அன்று அந்த 150 லிட்டர் தயாராக இருந்ததால்தான் மற்ற மீன்கள் தப்பின.

மீன்களை விட்ட வரிசை மட்டும் சரியாக அமைந்தது. இடம் பிடித்துச் சண்டை போடும் டாம்சலைக் கடைசியில், மற்றவை பழகிய பிறகு விட்டேன். கற்களையும் புது மாதிரி அடுக்கியிருந்ததால் அதற்குப் பழைய மூலை இல்லை. இன்றுவரை சண்டை இல்லை.

பெரிய தொட்டியின் அருமை சித்திரை வெயிலில்தான் தெரிந்தது. சின்னத் தொட்டியில் கரண்ட் போன இரண்டு மணி நேரத்தில் சூடு ஏறிவிடும். இதில் அதே ஏற்றத்துக்கு இன்னும் அதிக நேரம் ஆகிறது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரை 26 டிகிரியில் வைத்திருக்கிறேன். இரண்டு மாதக் கரண்ட் பில் சுமார் 1,400 ரூபாய் கூடியது. அந்தச் செலவைத் தவிர்க்க நம் ஊரில் வழியில்லை. தண்ணீரை அசைத்து ஆக்ஸிஜன் கலக்க வைக்கும் வேவ்மேக்கரை மட்டும் இன்வெர்ட்டரில் இணைத்திருக்கிறேன். சூட்டைவிட முதலில் மீனைக் கொல்வது ஆக்ஸிஜன் குறைவு. ஆவியாகும் தண்ணீருக்குப் பதில் தினமும் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன், ஏனென்றால் உப்பு ஆவியாகாது, தொட்டியிலேயே தங்கிவிடும்.

உயிர்ப் பவளம் வைக்கவில்லையா என்று கேட்பார்கள். கடலில் எடுத்த பவளம் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, விற்பதும் வாங்குவதும் குற்றம். பீங்கான் கற்களே போதும். இப்போது அவற்றின் மேல் ஊதா நிறப் பாசி படர்ந்து அழகாக இருக்கிறது.

டேங் இப்போது ஏழு அங்குலம். காலையில் விளக்குப் போட்டதும் நாலடியையும் ஒரே வீச்சில் கடக்கிறது. இன்னும் இரண்டு அங்குலம் வளர்ந்தால் இதுவும் அதற்குப் போதாது. ஆறடித் தொட்டி வைத்திருப்பவர் யாராவது கிடைத்தால் கொடுத்துவிடலாம் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.