ஜிபிஎஸ் கருவியா, ஒரே ஒரு கேள்வியா?

தொழில்முறை கால்பந்து வீரரின் பயிற்சிச் சுமையை அளக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, முதுகில் ஜிபிஎஸ் கருவி, மார்பில் இதயத்துடிப்புப் பட்டை. ஓடிய தூரம், வேகம், துடிப்பு எல்லாம் கணினிக்கு வந்துவிடும். ஆனால் சட்டென்று ஓடி நிற்கும் ஸ்பிரிண்டில் இதயத்துடிப்பு ஏறுவதற்குள் ஓட்டமே முடிந்துவிடுகிறது.

இன்னொன்றுக்குச் செலவே இல்லை. பயிற்சி முடிந்து 30 நிமிடம் கழித்து, "0 முதல் 10 வரை, எவ்வளவு கஷ்டமாக இருந்தது?" என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். அளவுகோல் சுவீடன் உளவியலாளர் குன்னர் போர்க் தந்தது. அதை நிமிடங்களால் பெருக்கும் முறை அமெரிக்கர் கார்ல் ஃபாஸ்டருடையது. 90 நிமிடப் பயிற்சிக்கு ஒருவர் 5 என்றால் சுமை 450. அதே தூரம் ஓடிய பக்கத்து வீரர் 8 என்றால் 720. ஜிபிஎஸ் கணக்கிலோ இருவரும் ஒன்றுதான்! உடல்தகுதி குறைந்தவர், காயத்திலிருந்து திரும்பியவர், இரவு சரியாகத் தூங்காதவர்... இந்த வித்தியாசம் அவர்கள் வாயிலிருந்துதான் வரும்.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் நான் கேள்வியின் பக்கம். சரி, அணியில் இடம் போய்விடுமோ என்ற பயத்தில் வீரர் குறைத்துச் சொல்லலாம். அதனால் ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்க வேண்டும், மற்றவர் காதில் விழாமல்.