டியூனிங் கீ கைக்கு வரும் முன் துளை போட்டுவிடாதீர்கள்: மூன்று நாள் சம்பளத்தைத் தொலைத்தவனின் எச்சரிக்கை

நேற்று இரவு பதினோரு மணிக்கு, நானே செய்த கிட்டாரின் மூன்றாம் கம்பி 'கடக்' என்ற சத்தத்தோடு தளர்ந்து தொங்கியது. கம்பி அறுந்திருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது. கம்பி முழுதாகத்தான் இருக்கிறது. உடைந்தது, கம்பியை இறுக்கவும் தளர்த்தவும் திருகும் டியூனிங் கீக்குள் இருந்த சக்கரத்தின் பல். வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஆறு கீ கொண்ட அந்த ஒரு பெட்டிக்கு நான் கொடுத்தது என் மூன்று நாள் சம்பளம்.

எட்டு மாதமாக விடுமுறை நாட்களில் மட்டும் உட்கார்ந்து செய்த கிட்டார் அது. கழுத்தை நானே இழைத்தேன், கழுத்தின் குறுக்கே பதியும் ஃப்ரெட் கம்பிகளை ஒவ்வொன்றாக நானே அடித்தேன். கடைசியில் டியூனிங் கீ மட்டும் பாக்கி. இணைய விற்பனைத் தளம் ஒன்றில் தேடினேன். (பெயர் வேண்டாம். எல்லாரும் எல்லாமும் விற்கும் பெரிய தளம், அவ்வளவு போதும்.) ஒரு நாள் சம்பளத்துக்கும் கீ இருந்தது, பத்து நாள் சம்பளத்துக்கும் இருந்தது. மிக மலிவானதைத் தொடக் கூடாது என்கிற அளவுக்கு எனக்கு அறிவு உண்டு என்று நினைத்துக்கொண்டு நடுவில் ஒன்றைப் பிடித்தேன். 18:1 விகிதம், பித்தளைச் சக்கரம், முழுதும் மூடிய உறை, பக்கத்துக்கு மூன்று. படத்தில் பளபளவென்று இருந்தது.

ஆனாலும் உடனே வாங்கிவிடவில்லை. விற்பவருக்குச் செய்தி அனுப்பினேன்: "ஹெட்ஸ்டாக்கில் எத்தனை மில்லிமீட்டர் துளை வேண்டும்?" (கீகளை மாட்டும், கழுத்தின் தலைப்பகுதிதான் ஹெட்ஸ்டாக்.) பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "10 மில்லிமீட்டர் சார். கிட்டார் செய்பவர்கள் எங்களிடம்தான் வாங்குகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு துளை போடுங்கள், பொருள் வந்ததும் மாட்டிவிடலாம்."

அந்தப் பத்து நிமிடப் பதில்தான் என்னை விழுத்தாட்டியது. இவ்வளவு சீக்கிரம் பதில் சொல்கிறவர் பொருள் தெரிந்தவராகத்தான் இருப்பார் என்று நம்பினேன். அன்று மாலையே ஆறு துளைகளையும் போட்டேன். அவர் சொன்னபடி, ஏறக்குறைய கண்ணை மூடிக்கொண்டு.

பெட்டி வந்தது. படத்தில் இருந்தது, மேலிருந்து அறுகோண நட்டை முறுக்கி இறுக்கும் வகை. அதற்கு 10 மில்லிமீட்டர் துளை சரி. வந்ததோ பழைய பாணி: துளைக்குள் தட்டிப் பொருத்தும் சிறு வளையம், பின்னால் வளைத்து மடித்த தகர மூடி. வெர்னியர் காலிப்பரை வைத்துப் பார்த்தால் வளையத்தின் வெளி விட்டம் 8.8 மில்லிமீட்டர். என் துளையில் அது சோழியைப் போலக் குலுங்கியது.

உடனே எழுதினேன். இந்த முறை பதிலுக்கு இரண்டு நாள் ஆயிற்று. "வளையத்தைச் சுற்றி மெல்லிய மரச்சீவலோ டேப்போ சுற்றுங்கள் சார், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்." எல்லாரும் யார்? கேட்கவில்லை. மரச்சீவலைச் சுற்றிப் பொருத்தினேன். என் முட்டாள்தனத்தை நான் மறைக்கப் போவதில்லை. அப்போதே பெட்டியை மூடித் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

மாட்டிய பிறகுதான் விகிதத்தை எண்ணினேன். 18:1 என்றால் குமிழை பதினெட்டு முறை சுற்றினால் கம்பியைச் சுற்றும் தண்டு ஒரு முறை சுற்ற வேண்டும். தண்டின் தலையில் பேனாவால் கோடு போட்டு எண்ணினேன். பதினான்கு. ஆறிலும் பதினான்கு. பொய் சொன்னாலும் ஒரே சீராகச் சொல்லியிருக்கிறார்கள். 14:1 ஒன்றும் கெட்ட விகிதமல்ல, நல்ல கிட்டார்கள் பல அதில்தான் ஓடுகின்றன. ஆனால் நான் காசு கொடுத்தது பதினெட்டுக்கு. அதைவிட மோசம், இரண்டு கீகளில் குமிழைக் கால் சுற்று திருப்பும் வரை தண்டு அசையவே இல்லை. அவ்வளவு ஆட்டம் இருந்தால் சுருதி சேர்ப்பதற்குப் பதில் துழாவிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சுருதி நிற்காததற்கு முதலில் என்னையேதான் சந்தேகித்தேன். உண்மையைச் சொன்னால், சுருதி இறங்கும்போது பெரும்பாலும் குற்றவாளி கீ அல்ல. கம்பியைச் சரியாகச் சுற்றாமல் விட்டிருப்போம், அல்லது கழுத்தின் முனையில் கம்பிகளைத் தாங்கும் 'நட்' என்ற சிறு கட்டையின் பள்ளத்தில் கம்பி சிக்கி நிற்கும். கீக்குள் குமிழோடு சேர்ந்து சுழலும் மரைத்தண்டு சக்கரத்தைச் சுற்றும்; கம்பி எவ்வளவு இழுத்தாலும் சக்கரம் மரைத்தண்டைத் திருப்பிச் சுற்றாது. அதனால் பழியை அதன் மீது போடவில்லை. பள்ளங்களில் பென்சில் கரியைத் தேய்த்தேன், கம்பிகளைப் புதிதாகச் சுற்றினேன், ஒவ்வொரு முறையும் சுருதியைக் கீழிருந்து மேலேற்றியே சேர்த்தேன். நேற்று இரவு மூன்றாம் கம்பி சரியான சுருதிக்கு வரும் நேரத்தில்தான் அந்தக் 'கடக்'.

தகர மூடியை நெம்பித் திறந்தேன். கிரீஸ் ஒரு பொட்டுக்கூட இல்லை. பித்தளை என்று சொன்ன சக்கரத்தின் மேல் மட்டும் மஞ்சள் பூச்சு, உடைந்த பல்லுக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ மலிவான வார்ப்பு உலோகம். சாம்பல் தூள் விரலில் ஒட்டியது. 12 முதல் 53 வரையிலான (கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) எஃகுக் கம்பி செட்டில் ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுக்கும். மூன்றாம் கம்பி மட்டுமே ஏறக்குறைய 13 கிலோ. எல்லாக் கிட்டாரும் தினமும் தாங்கும் சுமைதான் இது. மூன்று நாள் சம்பளம் கொடுத்த கீ அதைப் பதின்மூன்று நாள் தாங்கவில்லை.

இரவே படங்களோடு புகார் அனுப்பினேன். காலையில் விற்பவரின் பதில்: "பொருளை மாட்டிவிட்டீர்கள், மாற்றமும் செய்திருக்கிறீர்கள், மரச்சீவல் படத்திலேயே தெரிகிறது. திரும்பப் பெற இயலாது." சீவலைச் சுற்றச் சொன்னதே நீங்கள்தானே என்று அவருடைய செய்தியையே எடுத்து அனுப்பினேன். படித்ததற்கான அடையாளம் விழுந்தது. பதில் இல்லை.

தளத்தின் உதவிப் பிரிவுக்குப் போனேன். முதலில் பேசியவர் அன்பாக ஒரு சுட்டி அனுப்பினார். திறந்தால், கிட்டாருக்குச் சுருதி சேர்ப்பது எப்படி என்ற பாடம்! இரண்டாமவர் கழுத்து முனையின் 'நட்' கட்டையைச் சரிபார்க்கச் சொன்னார். மூன்றாமவர், இது விற்பவருக்கும் உங்களுக்கும் இடையிலான விஷயம் என்றார். விற்பவர் பேசவில்லை என்றேன். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று எழுதிப் புகாரை 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டார். எதைத் தீர்த்தார்? என் மூன்று நாள் சம்பளத்தைத்தான்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கீ கைக்கு வந்து, அளந்து பார்க்கும் வரை துளை போடாதீர்கள், விற்பவர் சத்தியமே செய்தாலும். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். மரத்தில் மாட்டும் முன்பே ஆறையும் கையில் வைத்துச் சுற்றிப் பாருங்கள், எண்ணுங்கள். குமிழ் வெறுமனே ஆடினால் அன்றே திருப்பி அனுப்புங்கள். திருகுகளுக்கு முன்துளை போட்டுவிட்டே முறுக்குங்கள், மலிவான செட்டோடு வரும் திருகின் தலை கடின மரத்தில் பிய்ந்துவிடும் (எனக்கு ஒன்று உள்ளேயே தங்கிவிட்டது). உறையில்லாத சாதாரண வகையை வாங்கினால் பல்லைக் கண்ணாலேயே பார்க்கலாம். மூடியதுதான் உயர்வு என்று நான் நினைத்தது தவறு. 10 மில்லிமீட்டர் துளையில் சிறிய தண்டைப் பொருத்துவதற்கென்றே தடித்த வளையங்கள் தனியாகக் கிடைக்கின்றன. எனக்கு அது நேற்று நள்ளிரவில்தான் தெரிந்தது. ஆனால் அந்தச் சக்கரங்களை நம்பி இன்னொரு காசு செலவழிக்க மாட்டேன்.

இன்று காலை ஆறு துளைகளிலும் உருளை மரத்துண்டுகளைப் பசை போட்டு அடைத்துவிட்டேன். இந்நேரம் காய்ந்திருக்கும். கிளாம்பைக் கழற்றப் போகிறேன்.