கைத்தறிப் போர்வையா, விசைத்தறிப் போர்வையா?

நெய்தவருக்கு நாலு காசு சேரட்டும் என்று நினைத்துத்தான் கடைக்குப் போகிறோம். விலைச்சீட்டைப் பார்த்ததும் கை தயங்குகிறது. எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு.

விலை
கைத்தறி: கூடுதல். கோ-ஆப்டெக்ஸின் தீபாவளித் தள்ளுபடியில் வாங்கினால் சுமை குறையும்.
விசைத்தறி: எந்நாளும் மலிவு.

துவைப்பது
கைத்தறி: முதல் சில முறை தனியாக அலச வேண்டும்.
விசைத்தறி: மெஷினில் போட்டு எடுக்கலாம்.

நெய்தவர்
கைத்தறி: 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ், நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிடம் வாங்குகிறது. சென்னிமலைப் போர்வை என்றால் நெய்த ஊர்கூட நமக்குத் தெரியும்.
விசைத்தறி: அங்கும் மனிதர்தான் உழைக்கிறார். என்ன கூலிக்கு என்பதுதான் நமக்குத் தெரிவதில்லை.

ஆற்றுக்கு
கைத்தறி ஓட மின்சாரம் வேண்டாம், உண்மை. ஆனால் சாயம்? நொய்யல் சாயக்கழிவில் கறுத்து, 2011-ல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன அளவுக்குப் போனது. கைத்தறி நூலும் சாயத்தொட்டியில் முங்கித்தான் வருகிறது. அதனால் நான் சாயமேற்றாத வெள்ளையைத்தான் தேடுவேன்.

ஒரு எச்சரிக்கை: சில வகைப் போர்வைகள் உட்பட 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்றே 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒதுக்கியிருக்கிறார்கள். இருந்தும் விசைத்தறித் துணி கைத்தறி என்ற பெயரில் விற்பனைக்கு வருகிறது. 2006-ல் வந்த கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

விடுதிக்குப் போகும் பிள்ளைக்கு, அடிக்கடி துவைக்கும் கைக்குழந்தை வீட்டுக்கு விசைத்தறி போதும். பல வருடம் வீட்டில் புழங்கவும், சீர் கொடுக்கவும் கைத்தறியே வாங்குங்கள்.