கீழக்கரையில் குரூப் உடற்பயிற்சி வகுப்பு: ஒரு வருடத்துக்குப் பிறகு

குரூப் உடற்பயிற்சி வகுப்பில் சேரலாமா என்று யோசித்து, மனசு வராமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கும் மனசு வரவில்லை. நாலு பேர் பார்க்கக் கையையும் காலையும் ஆட்டுவது என்றாலே கூச்சம். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னார், பக்கத்து வீட்டு மதினி விடாமல் கூப்பிட்டார். அதனால் போனேன். இப்போது ஒரு வருடம் தாண்டிவிட்டது. தாராளமாகச் சேரலாம் என்றே சொல்வேன். ஆனால் ஏசியையும் மிஷினையும் பார்த்துச் சேராதீர்கள், சொல்லித்தருகிறவரைப் பார்த்துச் சேருங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், முதலில் போன இடம் வேறு. முட்டி வலி உண்டா, பிரஷர் மாத்திரை போடுகிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்த அன்றே எல்லோரையும் குதிக்க வைத்தார்கள். முடியாமல் ஓரமாக நின்றவர்களை யாரும் கவனிக்கவில்லை. மூன்று மாதக் கட்டணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு, நின்றுவிட்டால் பணம் திரும்ப வராது என்றார்கள். போதாததற்குப் புரோட்டீன் பவுடர் டப்பா வாங்கச் சொல்லி நச்சரிப்பு வேறு.

இப்போது போவது, பிள்ளைகளை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு வரும் பெண்களுக்கான பேட்ச். ஒரு வீட்டு மாடி ஹால், பாய், தம்பெல், ரப்பர் பேண்ட், அவ்வளவுதான். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம். ஜன்னலுக்குத் திரை உண்டு, போனை வாசலிலேயே பெட்டியில் போட்டுவிட வேண்டும், வீடியோ எடுக்கவே கூடாது. நம் ஊரில் பல பெண்கள் வருவதற்குக் காரணமே இந்தக் கட்டுப்பாடுதான்.

டிரெயினரும் ஒரு பெண். எந்தப் பயிற்சியானாலும் மூன்று விதமாகச் செய்து காட்டுவார். ஸ்குவாட் என்றால், முடிந்தவர்கள் முழுசாக உட்கார்ந்து எழலாம். முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழலாம். முட்டி வலிக்காரர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு பாதி இறங்கினால் போதும். “அக்கா, மூச்சைப் பிடிக்காதீங்க, பக்கத்துல பார்க்காதீங்க” என்று சொல்லிக்கொண்டே சுற்றி வருவார். என் கூச்சம் போனதற்கு அந்த ஒரு வார்த்தை போதும். அவரவர் அளவுக்கு அவரவர் செய்யும்போது யார் யாரைப் பார்க்கப் போகிறார்கள்?

புதிதாகச் சேருகிறவர்கள் பயந்து ஓடுவது உடம்பு வலியால்தான். பழக்கமில்லாத பயிற்சி செய்தால் தசை வலி அன்றைக்கே தெரியாது. மறுநாள் தொடங்கி இரண்டு மூன்று நாள் கூடுதலாக இருக்கும், அப்புறம் தானாகவே குறையும். மூட்டுக்குள் குத்துகிற வலி வேறு, அதை மட்டும் பொறுத்துக்கொள்ளக் கூடாது, உடனே சொல்லிவிட வேண்டும். இந்த வித்தியாசத்தை முதல் வாரமே யாராவது சொல்லித்தந்தால் பாதிப் பேர் நிற்க மாட்டார்கள்.

நம் கடற்கரைக்கு இன்னொரு கஷ்டம் உண்டு. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடங்கி, வாடைக் காற்று தொடங்காத புரட்டாசிப் புழுக்கத்தில் வியர்வை காயவே காயாது. வியர்வை ஆவியானால்தானே உடம்பு குளிரும்? ஈரக் காற்றில் அது நடக்காததால், வழக்கமான பயிற்சிக்கே நெஞ்சு படபடக்கும். அந்த மாதங்களில் டிரெயினர் வேகத்தைக் குறைத்து, இடையிடையே தண்ணீர் குடிக்க நிறுத்துவார். பேசவே முடியாமல் மூச்சு வாங்கினால் நின்றுவிட வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பு. நான் உப்புப் போட்ட நீர்மோர் கொண்டுபோகிறேன். நோன்பு மாதத்தில் குதிப்பதெல்லாம் கிடையாது, மெதுவான ஸ்ட்ரெச்சிங் மட்டும்.

வெள்ளிக்கிழமை ஜூம்பா. கொலம்பியா நாட்டில் காலி (Cali) என்ற நகரத்துக்காரர் பெட்டோ பெரஸ் 1990களில் தொடங்கிய நடனப் பயிற்சி, இங்கே குத்துப்பாட்டுக்கு நடக்கிறது. மனசு லேசாகிவிடும். ஆனால் அதை மட்டும் நம்பினால் போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்பதோடு, தசைக்கு வலுவூட்டும் பயிற்சி இரண்டு நாளாவது வேண்டும் என்கிறது. எங்கள் வகுப்பில் மற்ற இரண்டு நாளும் அதற்குத்தான். வார்ம்அப், கூல்டவுன் போனால் வகுப்பில் சுத்தமாக உழைப்பது முக்கால் மணி நேரம்தான், அதனால் ஞாயிறு மாலை கடற்கரைப் பக்கம் வேகமாக நடந்து மிச்சத்தைச் சரிக்கட்டுகிறேன்.

எடை பெரிதாகக் குறையவில்லை. அதை எதிர்பார்த்துச் சேருகிறவர்கள் சாப்பாட்டையும் கவனிக்க வேண்டும். ஆனால் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி இறங்கியிருக்கிறது; சோற்றைக் குறைத்ததும் அதில் சேர்த்தி. தரையில் அரிவாள்மனை போட்டு மீன் நறுக்கிவிட்டு, கை ஊன்றாமல் எழுகிறேன். ஒரு நாள் வராவிட்டால் யாராவது போன் போட்டு விசாரிக்கிறார்கள். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்க, தனியாகக் குடும்பம் பார்க்கும் பெண்கள் எங்கள் பேட்சில் நிறைய. அவர்களுக்கு அந்த ஒரு போன் எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் கண்ணால் பார்க்கிறேன்.

புஷ்அப் இன்னும் சுவரில் கை ஊன்றித்தான் எடுக்கிறேன். ஆடி மாதம் முடிந்ததும் பெஞ்சுக்கு மாற்றலாம் என்று டிரெயினர் சொல்லியிருக்கிறார்.